பனிக் குடாவில் மூதாதையர் வீடு

பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக் கண்முன் வந்து நிற்பது எது? நாற்புறமும் கம்பி வேலி. உள்ளே நாலைந்து செம்பருத்திச் செடி. நடுவில் தண்ணீர் வராத நீரூற்று. அதைச் சுற்றிலும் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். புல்தரையின் ஓரத்தில் "மிதிக்காதீர்கள்" என்று ஒரு பலகை. அமெரிக்க ஐக்கிய நாட்டார் 'தேசீயப் பூங்கா' என்று சொல்வது வேறு விஷயம். அலாஸ்காவின் தென்கிழக்கு மூலையில் 'கிளேஸியர் பே' என்று ஒரு தேசீயப் பூங்கா இருக்கிறது. பனியாற்றுக் குடா என்று பொருள். அதன் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம் ஏக்கர். உள்ளே மலைகள், பனியாறுகள், காடுகள், கடற்குடா, அந்தக் குடாவிலே திமிங்கிலங்கள் எல்லாம் அடக்கம். வேலி கிடையாது, நீரூற்று கிடையாது. ஆனால், நேயர்களே, "மிதிக்காதீர்கள்" என்ற பலகை மட்டும் அங்கேயும் நெடுங்காலம் இருந்து வந்தது. மரத்தில் எழுதிய பலகையல்ல; சட்டத்தில் எழுதியது. அந்தப் பலகை யாரை நோக்கி நாட்டப்பட்டது, பிறகு அது எப்படிச் சற்றே ஒரு பக்கம் நகர்த்தப்பட்டது என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுத எண்ணினோம்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவிலிருந்து இந்தப் பூங்காவுக்குப் போகச் சாலை மார்க்கம் கிடையாது. கப்பலிலோ சிறு விமானத்திலோ குஸ்டேவஸ் என்ற சிற்றூருக்கு வந்து சேர வேண்டும். அங்கிருந்து பத்து மைல் தூரம் காட்டு வழியே சாலை. சாலை முடியும் இடம் பார்ட்லெட் கோவ் என்ற அமைதியான துறை. நாம் போன நாளில் மழை பெய்து கொண்டிருந்தது. இதைப் பெரிய செய்தியாகச் சொல்வதற்கில்லை. அங்கே மழை பெய்யாத நாளைத்தான் செய்தியாகச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரூஸ் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் வானத்தை மறைத்துக் கொண்டு நின்றன. கீழே விழுந்து கிடந்த மரங்களின் மேல் பாசி மெத்தை மெத்தையாகப் படர்ந்திருந்தது. காலடியோசை கேட்கவில்லை. ஆதிகாலத்து அரணியம் இதுதான் என்று யாரும் நினைத்து விடுவார்கள்.

ஆனால் உண்மை அதுவன்று. இந்தக் காட்டின் வயது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதுதான். அதற்கு முன்னால் இந்த இடத்தின் மீது மலை போன்ற பனிக்கட்டி கிடந்தது. அந்தப் பனிக்கட்டிக்கும் முன்னால் இங்கே ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு முன்னால் புல்வெளி, சால்மன் மீன் ஏறி வரும் ஆறு, மணல் மேடு எல்லாம் இருந்தன. அந்த ஊரார் தங்கள் ஊருக்கு வைத்திருந்த பெயருக்கே 'மணல் மேட்டின் மேலுள்ள ஊர்' என்று அர்த்தம். காடு இளையது, ஊரைப் பற்றிய நினைவு மூத்தது. மரங்களைவிட மனிதர்களின் ஞாபகத்துக்கு வயது அதிகமாயிருக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இரா.

அந்த ஊரார் டிலிங்கிட் என்ற சாதியைச் சேர்ந்த ஹூனா மக்கள். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் முழுவதும் டிலிங்கிட் மக்களின் பூர்வீக நாடு. அவர்களுடைய சமூக அமைப்பு நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கக் கூடியது. சமூகம் முழுவதும் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. அண்டங்காக்கைப் பிரிவினர் கழுகுப் பிரிவில்தான் சம்பந்தம் செய்து கொள்ள வேண்டும். குழந்தைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே ஒரு பையனுக்குக் குலாசாரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் தகப்பனார் அல்ல, தாய் மாமன்தான். மலையாள நாட்டு மருமக்கள் தாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. ஹூனா மக்களுக்குள் சூகனேடி, ஊஷ்கீடான், காக்வான்டான், டாக்டேன்டான் என்று நான்கு பிரதான குலங்கள். முதல் மூன்றும் கழுகுப் பிரிவு. நான்காவது அண்டங்காக்கைப் பிரிவு.

இவர்கள் ஊரை விட்டு ஓட நேர்ந்த கதையைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. கதைக்கு உரியவர்கள் சூகனேடி குலத்தார். கதைக்குக் கூட உரிமையாளர் உண்டா என்று கேட்கலாம். டிலிங்கிட் மக்களிடையே உண்டு. கதை, பாட்டு, சின்னம், பெயர் யாவும் குலத்தின் சொத்து. ஒரு குலத்தின் பாட்டை மற்றவர் அனுமதி இல்லாமல் பாடுவது, பிறர் வீட்டுக் களஞ்சியத்தில் கை வைப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் இந்தக் கதையை அக்குலத்துப் பெரியவர்களே உலகத்தார் கேட்கும்படி சொல்லி, அது அச்சேறியும் இருக்கிறது. ஆகவே, அதன் எலும்புக் கூட்டை மட்டும் மரியாதையுடன் இங்கே தருகிறோம்.

பருவமடைந்த ஒரு பெண்ணை வழக்கப்படி தனியிடத்தில் திரை மறைவில் இருத்தியிருந்தார்கள். அவள் பெயர் காஸ்டீன். தனிமையின் அலுப்போ, இளமையின் குறும்போ, தொலைவில் மலையிடுக்கில் தெரிந்த பனியாற்றை அவள் ஒரு துண்டுக் கருவாட்டைக் காட்டி, நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு விட்டாள். பனியாறு காது கொடுத்துக் கேட்டது. அது வளர்ந்தது, நகர்ந்தது, ஊரை நோக்கி வரத் தொடங்கியது. வீடுகள் நெரிபட்டன. இனி இங்கே இருக்க முடியாது என்று கண்ட ஊரார் ஓடங்களில் மூட்டை முடிச்சுகளை ஏற்றினார்கள். அப்போது, "நான் வரவில்லை" என்று ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கி விட்டாள். அந்தப் பெண்ணே தங்கினாள் என்று சிலர் சொல்வார்கள். பேத்திக்குப் பதிலாகக் கிழவி தங்கினாள் என்று சொல்வாரும் உண்டு. கடலில் நின்ற ஓடங்களிலிருந்து உறவினர் பார்த்துக் கொண்டிருக்கையிலேயே பனி அந்த வீட்டை மூடியது. அவர்கள் ஓடங்களில் இருந்தபடியே புலம்பிப் பாடினார்கள். அந்தப் பாட்டு இன்னும் இருக்கிறது.

இதைப் பாட்டி கதை என்று ஒதுக்கி விட்டவர்கள் பலர் உண்டு. ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகள் மெதுவாக அந்தப் பாட்டியின் பக்கமே வந்து சேர்ந்தார்கள். பனிக்குள் புதைந்து வெளிப்பட்ட மரக்கட்டைகளையும், படிந்த வண்டலையும் பரிசோதித்துப் பார்த்ததில், பனி வருவதற்கு முன் அந்தக் குடாவின் கீழ்ப் பகுதி கடலாக இல்லை, ஆறு ஓடிய சமவெளியாக இருந்தது என்று தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியாறு மிகவும் வேகமாக முன்னேறி, 1750-க்குச் சுமாரில் குடாவின் வாயை எட்டியது என்றும் தெரிந்தது. இந்த ஆராய்ச்சி 2009-ஆம் வருஷம் வெளியாயிற்று. எழுத்தில்லாத ஜனங்கள் இருநூற்றைம்பது வருஷம் வாய்மொழியாகவே காத்து வந்த செய்தியை, எழுத்தறிந்தவர்கள் இயந்திரங்களைக் கொண்டு ஒருவாறு சரி பார்த்து முடித்தார்கள்!

ஓடிய மக்கள் இங்குமங்கும் சிதறிக் கிடந்து, கடைசியில் ஜலசந்திக்கு அக்கரையில் இன்றைய ஹூனா ஊரில் கூடினார்கள். 'வடகாற்றுக்கு மறைவான இடம்' என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

*

பனி வந்த வேகத்தைக் காட்டிலும் போன வேகம் இன்னும் விந்தையானது. 1794-இல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவருடைய ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது குடா என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரையில் ஐந்து மைல் நீளத்துக்கு ஒரு பள்ளம். அதற்கப்பால் பனிச் சுவர். 1879-இல் ஜான் மியூர் என்ற புகழ் பெற்ற இயற்கை ஆராய்ச்சியாளர் வந்தபோது அந்தச் சுவர் முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-இல் அறுபத்தைந்து மைல். பூங்காவிலிருந்து காலையில் புறப்படும் படகில் ஏறிக் குடாவின் உட்கோடி வரையில் போய் வந்தோமானால், மைல் கற்களுக்குப் பதிலாக வருஷக் கற்களைத் தாண்டிப் போவது போல் இருக்கிறது. வாயருகே அடர்ந்த காடு. பனி விட்டுப் போய் இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் உள்ளே போனால் ஆல்டர், வில்லோ என்ற புதர்கள். அதற்கும் உள்ளே பாறையை ஒட்டிப் படர்ந்த ட்ரையாஸ் என்ற சிறு பூச்செடி. கோடியில் வெறும் பாறை, அதற்கு மேல் நீல நிறப் பனிச் சுவர். இரண்டு நூற்றாண்டுகளின் தாவர வளர்ச்சியை ஒரே பகலில் பின்னோக்கிப் பார்த்து விடலாம்.

ஜான் மியூர் இந்தக் குடாவை 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்களில் எழுதுவது வழக்கம். அவரை ஓடத்தில் ஏற்றித் துடுப்புத் தள்ளியவர்கள் டிலிங்கிட் மக்கள். குடாவுக்குள் வழி காட்டியவர் ஹூனாவைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர். கரையோரத்தில் குடிசை போட்டுக் கொண்டு சீல் என்னும் கடல் நாயை வேட்டையாடிக் கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவர். தன் சொந்த வீட்டுக் கொல்லைக்கு வழி காட்டிய மனிதனுக்கு எதிரிலேயே கொல்லையைக் கண்டுபிடித்துப் பெயர் பெறுவது, அந்தக் காலத்து யாத்திரீகர்கள் உலகம் முழுவதும் கையாண்ட முறைதான். நம்மவர்களுக்கு அது புதிதல்ல.

பனி பின்வாங்கப் பின்வாங்க ஹூனா மக்களும் பின்னாலேயே திரும்பினார்கள். கோடை வந்தால் ஓடங்களில் குடாவுக்குள் புகுந்து விடுவார்கள். கடல் நாய், சால்மன் மீன், காட்டு ஸ்ட்ராபெரி, கடற்புறாவின் முட்டை எல்லாம் அங்கே கிடைத்தன. ஜலசந்திக்கு அப்பால் குடியிருந்தாலும் களஞ்சியம் இங்கேதான் இருந்தது. அவர்கள் மொழியில் இந்தக் குடாவுக்கு 'பனியாறு இருந்த இடத்தில் உள்ள குடா' என்று பெயர் வைத்தார்கள். ஊரைப் பறித்த பகைவனுடைய பெயரையே அந்த இடத்துக்குச் சூட்டி, அதிலே மறுபடியும் உலை வைத்து உண்ட மனிதர்களுடைய மனோதிடத்தை என்னவென்று சொல்வது!

இந்தச் சமயத்தில்தான் இரண்டாவது பனியாறு வந்தது. இது காகிதத்தால் ஆன பனியாறு.

குடாவில் பனி விட்டுப் போன வெறுந்தரையில் செடி கொடிகள் ஒன்றன் பின் ஒன்றாக எப்படிக் குடியேறுகின்றன என்று 1916 முதல் ஆராய்ந்து வந்தவர் வில்லியம் கூப்பர் என்ற தாவர சாஸ்திரி. இவ்வளவு அருமையான இயற்கைப் பரிசோதனைச் சாலையைப் பாதுகாக்க வேண்டும் என்று அவரும் அவருடைய நண்பர்களும் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பலனாக 1925-இல் ஜனாதிபதி கூலிட்ஜ் இதைத் தேசீய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். நோக்கம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. சுரங்கக்காரர்களும் மரம் வெட்டுபவர்களும் அடித்துக் கொண்டு போகாமல் அந்த நிலம் பிழைத்தது அதனால்தான். ஆனால் பிரகடனத்தின் வாசகத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இந்த இடத்துக்குச் சரித்திரச் சிறப்பு இருக்கிறது என்று அதில் கண்டிருக்கிறது. எப்போதிலிருந்து? 1794-இல் வான்கூவர் வந்து போனதிலிருந்து! செடிகள் எந்த வரிசையில் குடியேறின என்று அங்குலம் அங்குலமாக அளந்தவர்களுக்கு, மனிதர்கள் குடியிருந்து வெளியேறிய வரிசை கண்ணில் படவில்லை.

1939-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நினைவிடத்தின் எல்லையை மிகவும் விஸ்தரித்தார். 1980-இல் அது தேசீயப் பூங்கா என்ற அந்தஸ்தைப் பெற்றது. ஒவ்வொரு படியிலும் "மிதிக்காதீர்கள்" என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தது. முதலில் கடல் நாய் வேட்டைக்குச் சில சலுகைகள் இருந்தன. பிறகு அவையும் போயின. முட்டை எடுப்பது 1918-ஆம் வருஷத்துப் பறவைச் சட்டத்தின்படி குற்றம் என்று இருந்தும், வெகு காலம் யாரும் கவனிக்கவில்லை. 1960-களில் பூங்கா அதிகாரிகள் அதையும் கண்டிப்பாகத் தடுக்கலானார்கள். பாட்டி பேரனைக் கையைப் பிடித்து அழைத்துப் போன தீவுக்குள் பேரன் வளர்ந்து கால் வைத்தால் குற்றவாளி ஆனான்.

இந்த முட்டை விவகாரம் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் முழு வழக்கும் அந்த முட்டைக்குள் அடங்கியிருக்கிறது. கடற்புறா சாதாரணமாக மூன்று முட்டை இடும். மூன்றும் இட்ட பிறகு நன்றாக அடைகாக்க உட்காரும். அதற்கு முன்னால் முட்டை போய்விட்டால் மறுபடியும் இடும். ஹூனா மக்களின் வழக்கம் என்னவென்றால், ஒன்று அல்லது இரண்டு முட்டை இருக்கும் கூட்டிலிருந்து எடுத்துக் கொள்வார்கள். மூன்று இருந்தால் தொடமாட்டார்கள். எடுத்ததைப் பறவை ஈடு செய்துவிடும், குஞ்சுகளுக்கும் குறைவில்லை. பிற்காலத்தில் பூங்காவுக்காக ஆராய்ச்சி செய்தவர்கள் இந்த வழக்கத்தைப் பரிசீலித்து, பறவைகளின் பெருக்கத்துக்கு இதனால் பெரிய தீங்கு நேராது என்று கண்டார்கள். அதாவது, பாதுகாப்புச் சட்டம் எதை விரும்பியதோ அதைத்தான் அந்தப் பாட்டிகள் செய்து கொண்டிருந்தார்கள். சட்டம் பாட்டிகளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்! கடைசியில் 2014-இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஹூனா மக்கள் குறிப்பிட்ட சில இடங்களில், குறிப்பிட்ட சில தடவை முட்டை எடுக்கலாம் என்று தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. வாஷிங்டனில் பெரிய சபைகள் இரண்டு கூடி, ஜனாதிபதியும் கையொப்பமிட்டு, ஒரு பாட்டி பேரனுக்கு முட்டை எடுக்கச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள்.

நஷ்டஈட்டின் கதையையும் ஒரு வரியில் சொல்லி விடலாம். 1867-இல் ரஷ்யா அலாஸ்கா முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றபோது விலை 72 லட்சம் டாலர். விற்றவர்களும் வாங்கியவர்களும் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிலிங்கிட் மக்களும் அண்டை அயலாரான ஹைடா மக்களும் நெடுங்காலம் வழக்காடி, சர்க்கார் எடுத்துக் கொண்ட நிலங்களுக்காக 1968-இல் பெற்ற தொகை 75 லட்சம் டாலர். நூறு வருஷத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

துன்பம் தனியாக வருவதில்லை என்பார்கள். 1944-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஹூனா ஊரில் தீப்பிடித்தது. ஊரின் பெரும் பகுதி எரிந்து போயிற்று. குல வீடுகளும், தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த சடங்கு உடைகளும் சின்னங்களும் சாம்பலாயின. பனிக்குத் தப்பியது நெருப்புக்குத் தப்பவில்லை. அப்போது பள்ளிக்கூடங்களிலோ தாய்மொழியில் பேசிய குழந்தைகளைத் தண்டித்துக் கொண்டிருந்த காலம். வீடும் போய், காடும் போய், வார்த்தையும் போய்க் கொண்டிருந்தது.

*

இவ்வளவையும் மனத்தில் வைத்துக் கொண்டு பார்ட்லெட் கோவ் கரையில் உள்ள அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். 'ஹூனா ஷுகா ஹீத்' என்று அதன் பெயர்; ஹூனா மூதாதையர் வீடு. ஹூனா மக்களுடைய பழங்குடிச் சபையும் பூங்கா இலாகாவும் 1990-களிலிருந்து பேசிப் பேசி, கோபித்து, சமாதானமாகி, கடைசியில் சேர்ந்து கட்டிய வீடு இது. 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி கிருகப் பிரவேசம் நடந்தது. அமெரிக்கப் பூங்கா இலாகாவுக்கு அன்று நூறாவது பிறந்த நாள். ஹூனா மக்கள் மரத்தைக் குடைந்து தாங்களே செய்த ஓடங்களில் ஜலசந்தியைக் கடந்து வந்தார்கள். கண்ணீருடன் எந்தக் கரையை விட்டு ஓடங்களில் போனார்களோ, அதே கரைக்கு ஓடங்களில் வந்து இறங்கினார்கள். பனி ஊரை அழித்த பிறகு அந்தக் குடாவில் எழுந்த முதல் நிரந்தரக் குல வீடு அதுதான்.

வீடு பெரிய மாளிகையல்ல. 2,500 சதுர அடி இருக்கும். செடார் மரப் பலகைகளால் ஆனது. கடலைப் பார்த்த முகப்பில் கறுப்பும் சிவப்புமாகச் சித்திரங்கள். உள்ளே நுழைந்ததும் மர வாசனை மூக்கைத் துளைக்கிறது. பலகையைத் தடவிப் பார்த்தால் மீன் செதில் போல வரிசை வரிசையாகத் தழும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. வாய்ச்சியால் கொத்திக் கொத்தி இழைத்த தழும்புகள் அவை. இயந்திரத்தில் கொடுத்து ஒரு நாளில் வழவழப்பாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊர்ச் சிற்பிகள் வருஷக் கணக்கில் உட்கார்ந்து செதுக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களும் வாய்ச்சியைக் கையில் எடுத்தார்கள். வீடு கட்டியதில் பாதிப் பயன் வீட்டில் இருக்கிறது. மறுபாதி அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

உள்ளே நான்கு குலங்களுக்கும் உரிய செதுக்குத் தூண்கள் நிற்கின்றன. பின்புறத்தில் செதுக்கி வர்ணம் தீட்டிய பெரிய மரத் திரை. நம் ஊர்க் கோயில் தூண்களில் சிற்பத்தைப் பார்த்துப் பாட்டி கதை சொல்வாள் அல்லவா? அதே போல் இந்தத் தூண்களைப் பார்த்தே கதை சொல்லிவிடலாம். ஹூனாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் சுற்றிலும் உட்கார்ந்திருந்த யாத்திரீகர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தார். கப்பலில் வந்து இறங்கியவர்கள், புகைப்படக் கருவியைக் கழுத்தில் மாட்டிக் கொண்டிருந்தவர்கள், சற்று நேரத்துக்கெல்லாம் கருவியை மறந்து கேட்கலானார்கள்.

டிலிங்கிட் மொழியில் 'அட் ஊ' என்று ஒரு சொல் உண்டு. விலை கொடுத்து உரிமையாக்கிக் கொண்ட பொருள் என்று அதற்கு அர்த்தம். ஆனால் விலை பெரும்பாலும் பணமல்ல, உயிர். முன்னோர் ஒருவர் எந்த இடத்தில் உயிரைக் கொடுத்தாரோ, எந்தப் பிராணியால் உயிர் இழந்தாரோ, அந்த இடமும் அந்தப் பிராணியின் சின்னமும் அந்தக் குலத்துக்குச் சொந்தம். பனியாறு சூகனேடி குலத்தின் 'அட் ஊ'. அதற்கு விலையாக ஒரு பெண் அந்த வீட்டில் தங்கி விட்டாள். பனியாற்றைச் சொந்தம் என்று சொல்வதன் பொருள், அதை வெட்டி விற்பதற்கு உரிமை உண்டு என்பதல்ல. அதற்காக அழுவதற்கு உரிமை உண்டு என்பதுதான். 1925-ஆம் வருஷத்துப் பிரகடனமும் ஒருவகைப் பத்திரம்தான். இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மூத்த கிரயம் என்று சொல்ல வக்கீல் வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெளியே கரையோரத்தில் குலக் கம்பங்கள் நிற்கின்றன. கழுகுக் கம்பமும் அண்டங்காக்கைக் கம்பமும் 2017-இல் நிறுத்தப்பட்டவை. 2018-இல் நிறுத்திய மூன்றாவது கம்பத்தின் முன்னால் நாம் வெகு நேரம் நின்றோம். அதற்குக் 'காயம் ஆற்றும் கம்பம்' என்று பெயர். ஹூனா மக்களுக்கும் பூங்கா இலாகாவுக்கும் நடந்த சகலமும், தடை, அவமானம், பிரிவு, பிறகு உடன்படிக்கை என்று, அதிலே செதுக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கார்கள் வெற்றிக்கு ஸ்தூபி எழுப்பியதை எத்தனையோ தேசங்களில் பார்க்கிறோம். தான் செய்த தவறைச் செதுக்கிய கம்பத்தை ஒரு சர்க்கார் இலாகா தன்னுடைய எல்லைக்குள்ளேயே, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி, மரியாதையுடன் நிற்க விட்டிருப்பதைப் பார்ப்பது அபூர்வம். அந்த இலாகாவை இதற்காகப் புகழத்தான் வேண்டும். தவறைச் செய்தவர்கள் வெட்கப்படாமல் ஒப்புக் கொள்ளும் வரையில், தவறுக்கு ஆளானவர்களுடைய துக்கம் வீட்டுக்குள் அடைபட்டே கிடக்கும்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மங்களம் பாடி முடிப்பதற்கில்லை. அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. ஹூனா மக்களின் ஊர் இன்னும் ஜலசந்திக்கு அக்கரையில்தான் இருக்கிறது. நிலம் இன்னும் பூங்காவினுடையதுதான். டிலிங்கிட் மொழியைத் தாய்ப்பாலோடு கற்றுச் சரளமாகப் பேசும் முதியவர்கள் மிகச் சொற்பம். இளைஞர்கள் பலர் பாடப் புத்தகத்தை வைத்துக் கொண்டு பாட்டியின் மொழியைப் பயில்கிறார்கள். அவர்கள் துக்கமும் பெருமையுமாகச் சொந்தம் கொண்டாடும் பனியாறுகளோ, பூமி சூடேறி வருவதால் மேலும் மேலும் மெலிந்து வருகின்றன. ஊரைப் பறித்த பனி, கதையை மட்டும் விட்டுவிட்டுத் தானும் போய்க் கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்த வீட்டினால் என்ன பயன்? இதற்கு விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. 'ஷுகா' என்ற சொல்லை மூதாதையர் என்று மொழிபெயர்த்தோம். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் இரண்டு முகம் உண்டாம். நமக்கு முன்னால் பிறந்து போனவர்களையும் அது குறிக்கும். நமக்கு முன்னால் இனி வரக் காத்திருப்பவர்களையும் குறிக்கும். இங்கிலீஷ்காரர்களுக்கு இதை விளக்கப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழருக்கு ஒரு வரி போதும். நாமும் 'முன்னோர்' என்கிறோம், 'முன்னேற்றம்' என்கிறோம். போனதும் முன், போக வேண்டியதும் முன். ஒரே சொல்லில் பாட்டனையும் பேரனையும் உட்கார வைத்த மொழிகள் இரண்டு, பூமியின் இரண்டு கோடியில்!

முன்னோரை நினைப்பதென்றால் பின்னால் திரும்பிப் பார்ப்பது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அதனால்தான் பழையதைப் போற்றுகிறவர்கள் ஒரு கட்சி, முன்னேற்றம் வேண்டுகிறவர்கள் ஒரு கட்சி என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. ஹூனா மக்களுக்கு அந்தச் சண்டைக்கு அவகாசம் கிடையாது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் பனிக்குள் தங்கி விட்ட ஒருத்தியை அவர்கள் மறந்திருந்தால், 2016-இல் அந்தக் கரையில் வீடு கட்டும்படி கேட்பதற்கு அவர்களிடம் வேறு ஆதாரம் என்ன இருந்திருக்கும்? சாசனமா, செப்புப் பட்டயமா? ஒரு பாட்டு இருந்தது. ஒரு கதை இருந்தது. அதைத் தவறாமல் சொல்லிக் கொடுத்த பாட்டிகள் இருந்தார்கள். அந்தக் கதை மாமன் வாயிலிருந்து மருமகன் காதுக்குப் போய்ச் சேராமல் ஒரே ஒரு தலைமுறை தவறியிருந்தாலும், இன்று பார்ட்லெட் கோவ் கரையில் மரங்கள் மட்டுமே நின்றிருக்கும். அதை ஆதிகாலத்து அரணியம் என்று எல்லோரும் வியந்து விட்டுப் போயிருப்பார்கள்.